முதலில் ஊசி, அப்புறம்தான் மோட்டார்

32 வருடமாக மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருக்கிறேன். பொள்ளாச்சி சாலையில் சின்னக் கடை. தென்னந்தோப்புக்காரர்கள் எரிந்துபோன பம்புசெட் மோட்டாரை டெம்போவில் கொண்டுவந்து இறக்குவார்கள். பழைய காயிலை வெட்டி எடுத்து, கம்பி உட்காரும் பள்ளமான ஸ்லாட்டைச் சுத்தம் செய்து, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் கொடுப்பேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் என் மகள் வயிற்றுப் பேத்தி லீவுக்கு வந்திருந்தபோது, நான் கம்பி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள். "அப்புச்சி, கம்பிய இப்படிச் சுத்தி வெச்சா, மோட்டார் எப்படிங்க தானாச் சுத்துது?" எத்தனை சுற்று, எந்த கேஜ் (கம்பியின் தடிமன் எண்), எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஏன் சுற்றுகிறது என்பதை ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று அன்று எனக்குப் பிடிபடவில்லை. படம் போட்டுக் காட்டினேன், அவளுக்கு ஏறவில்லை. சரி, முதலிலிருந்து அவள் கையாலேயே செய்யட்டும் என்று ஆரம்பித்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை வாசலில் தெருப் பிள்ளைகள் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களோடு செய்து பார்த்து, எது வேலை செய்கிறது, எது சொதப்புகிறது என்று தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் பெற்றோரும், பள்ளிக்கூடத்தில் ஆசிரியரும் அப்படியே செய்து பார்க்கலாம்.

செய்முறை என்றதும் பெரும்பாலானவர்கள் நேராக பல்பை எரிய வைப்பார்கள். நான் பல்பில் ஆரம்பிப்பதில்லை. பல்பு எரிந்தால் பிள்ளை கைதட்டும், அதோடு முடிந்துவிடும். கம்பிக்குள் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. கம்பியில் கரண்ட் போவதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதைக் காட்டிக்கொடுக்க ஒரு சாட்சி வேண்டும். ஒரு காந்த ஊசிதான் அந்தச் சாட்சி. அதனால் முதலில் ஊசி. கடைசியில் மோட்டார் வரும்வரைக்கும் அந்த ஊசி கூடவே வரும்.

வேண்டிய சாமான்

டார்ச்சுக்குப் போடுகிற பெரிய பேட்டரி கட்டை நாலு. 24 கேஜ் எனாமல் கம்பி கொஞ்சம், 36 கேஜ் மெல்லிய கம்பி கொஞ்சம். ரீவைண்டிங் கடையில் மீந்த கம்பியை எடைக்குக் கொடுப்பார்கள். பிள்ளைகளுக்கு என்று சொன்னால் பல கடைக்காரர்கள் காசே வாங்க மாட்டார்கள். பழைய ஸ்பீக்கரில் இருக்கும் வட்டக் காந்தம் ஒன்று. சின்ன நியோடிமியம் காந்தம் நாலு. மூன்று அங்குல ஆணி, தையல் ஊசி, குண்டூசி, ஊக்கு, உப்புத்தாள், சைக்கிள் டியூப், தெர்மாகோல் துண்டு, தீப்பெட்டி, சிவப்பு எல்இடி இரண்டு. விலைக்கு வாங்கச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: விரல்நகம் அளவு சின்னத் திசைகாட்டி.

ஆரம்பிக்கும் முன் மூன்று விஷயம். சுவரில் இருக்கும் பிளக் பக்கம் யாரும் போகக் கூடாது. அங்கே இருப்பது 230 வோல்ட், ஒரு கட்டையில் இருப்பது 1.5 வோல்ட். நாலு கட்டையைச் சேர்த்தாலும் 6 வோல்ட்தான், உடம்பில் ஷாக் அடிக்காது. இரண்டாவது, செல்போன் பேட்டரி, பைக் பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரி எதையும் எடுக்கக் கூடாது. வோல்ட் குறைவுதானே என்று நினைக்க வேண்டாம். இரண்டு முனையும் கம்பியில் சேர்ந்தால் கம்பி பழுத்துவிடும், போன் பேட்டரி தீப்பிடிக்கும். மூன்றாவது, நியோடிமியம் காந்தம் சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் கீழே கிடக்கவே கூடாது. இரண்டை விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்பில் இருந்துகொண்டு ஒன்றையொன்று இழுத்து நடுவில் இருக்கும் சதையை நசுக்கிவிடும். ஆபரேஷன் வரைக்கும் போகும். நான் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவேன்.

சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத்துண்டைத் தூக்குவது, சீப்பால் குழாய்த் தண்ணீரை வளைப்பது எல்லாம் நல்ல விளையாட்டுதான். தை, மாசி மாதத்து வறண்ட காலையில் செய்யுங்கள், அருமையாக வரும். மழைக்காலத்தில் முயன்றால் ஒட்டவே ஒட்டாது, பிள்ளைக்குச் சலிப்புத் தட்டிவிடும். காற்றில் இருக்கும் ஈரம் மின்னூட்டத்தைக் கசியவிட்டுவிடுகிறது. இதற்கு மேல் இதில் நிற்க வேண்டாம்.

ஊசி

தையல் ஊசியை மேசையில் வைத்து, ஸ்பீக்கர் காந்தத்தின் ஒரே பக்கத்தால், காதிலிருந்து முனைவரை ஒரே திசையில் தேய்க்க வேண்டும். முனைக்கு வந்ததும் காந்தத்தை உயரத் தூக்கி, மறுபடி காதுக்குக் கொண்டுபோக வேண்டும். பிள்ளைகள் உப்புத்தாள் தேய்ப்பதுபோல முன்னும் பின்னும் தேய்ப்பார்கள், அப்படிச் செய்தால் காந்தம் ஏறாது. 40 தடவை போதும். ஒரு குண்டூசியைத் தூக்கினால் தயார்.

தெர்மாகோலில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வில்லை வெட்டி, ஊசியை அதன்மேல் வைத்து, பிளாஸ்டிக் கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். இங்கே ஒரு தொல்லை வரும். வில்லை நகர்ந்து நகர்ந்து கிண்ணத்தின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். கிண்ணத்தில் தண்ணீரை விளிம்பு தளும்பும்வரை ஊற்றிவிட்டால் அது நடுவிலேயே நிற்கும். தண்ணீர் நடுவில் மேடாக இருப்பதால் மிதப்பது அந்த மேட்டுக்கு வந்துவிடுகிறது. இது தெரியாமல் முதல் இரண்டு வாரம் வீணானது எனக்கு.

ஊசி ஆடி ஆடி ஒரு திசையில் நிற்கும். திருப்பிவிட்டாலும் அதே திசைக்கு வரும். சூரியன் உதித்த பக்கத்தை வைத்துக் கிழக்கைக் கண்டுபிடித்து, வடக்கே பார்க்கும் முனையில் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைக்கச் சொல்லுங்கள். இரும்புக் கட்டில், பீரோ பக்கத்தில் இதைச் செய்தால் ஊசி பீரோவைத்தான் பார்க்கும். திண்ணைக்கு வந்துவிடுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்வேன். பூமியே ஒரு பெரிய காந்தம் என்று 1600-ல் எழுதிய வில்லியம் கில்பர்ட் இருந்த இங்கிலாந்தில், ஊசியை நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டால் வடமுனை மூக்கைக் கீழே குத்திக்கொண்டு நிற்கும். 60 பாகைக்கும் மேல் சாயும். நம் ஊரில் கிட்டத்தட்ட மட்டமாக நிற்கும். ஊசி முழுக்க மட்டமாக நிற்கிற காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் நுனியை ஒட்டிப் போகிறது. 1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவில் இருந்து முதல் ராக்கெட்டை விட்டார்களே, அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கே இந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் காரணம். பிள்ளைகள் உடனே இன்னொரு ஊசியை நூலில் கட்டிப் பார்ப்பார்கள். விடுங்கள், பார்க்கட்டும். கட்டும்போது மட்டும், காந்தம் ஏற்றுவதற்கு முன்பே ஊசி மட்டமாக நிற்கிற இடத்தில் நூலைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

கம்பிக்குக் கீழே ஊசி

24 கேஜ் கம்பியில் இரண்டு அடி நீளம் வெட்டுங்கள். ஊசி நிற்கிற அதே வடக்கு தெற்குத் திசையில், ஊசிக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே கம்பியை நீட்டிப் பிடித்து, இரண்டு முனையையும் பேட்டரி கட்டையில் தொட வேண்டும்.

ஒன்றும் நடக்காது.

நடக்காமல் போகட்டும் என்றுதான் நான் எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பேட்டரி தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பார்கள், வேறு கட்டை மாற்றுவார்கள், கம்பியை அழுத்திப் பிடிப்பார்கள். பத்து நிமிடம் கழித்து யாராவது ஒருவர் கேட்பார்: "இந்தக் கம்பிமேல ஏதோ பூசியிருக்குதுங்களா?" அந்தக் கேள்வி வந்த பிறகு உப்புத்தாளை எடுத்துக் கொடுப்பேன். எனாமல் கம்பியின் பளபளப்பு செம்பின் பளபளப்பு இல்லை, அது மேலே இருக்கும் வார்னிஷ் பூச்சு. முனையில் ஒரு அங்குலத்துக்குச் சுற்றிலும் சுரண்ட வேண்டும். தேய்த்தது போதும் என்று தோன்றிய பிறகு இன்னும் பத்து இழுப்பு இழுக்க வேண்டும். மங்கலான இளஞ்சிவப்பு நிறத்தில் செம்பு தெரிந்தால்தான் சுரண்டியாயிற்று என்று அர்த்தம்.

இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தொழில் பழகிய காலத்தில் ஒரு ஜாயின்டை அரைகுறையாகச் சுரண்டி முறுக்கி, அதன்மேல் ஸ்லீவ் போட்டுவிட்டேன். கடையில் ஓட்டிப் பார்த்தபோது மோட்டார் ஓடியது. தோட்டத்தில் மாட்டிய மூன்றாம் நாள் அந்த ஜாயின்ட் சூடேறிக் கருகிவிட்டது. கோடை நேரம், வாழை போட்டிருந்தார்கள். அந்த வாழையை நான் போய்ப் பார்த்தேன். அதற்கப்புறம் ஒரு முனையைக்கூட அவசரமாகச் சுரண்டியதில்லை.

சுரண்டிய கம்பியைத் தொட்ட மாத்திரத்தில் ஊசி வெடுக்கென்று பக்கவாட்டில் திரும்பும். இரண்டு விநாடிக்கு மேல் தொட்டுக்கொண்டிருக்க வேண்டாம். கட்டையும் கம்பியும் சூடாகும், கட்டை சீக்கிரம் தீர்ந்துபோகும். இப்போது கட்டையைத் திருப்பிப் போட்டுத் தொடச் சொல்லுங்கள், ஊசி எதிர்ப்பக்கம் திரும்பும். கம்பியை ஊசிக்குக் கீழே, கிண்ணத்துக்கு அடியில் வைத்தால் மறுபடி பக்கம் மாறும். இந்த மூன்றையும் பிள்ளையே நோட்டில் படமாக வரைய வேண்டும்.

1820-ல் கோபன்ஹேகனில் ஓர்ஸ்டெட் என்ற ஆசிரியர் பாடம் நடத்தும்போது பார்த்தது இதைத்தான். மின்சாரம் வேறு, காந்தம் வேறு என்று உலகமே நினைத்துக்கொண்டிருந்த காலம். ஒரு கம்பியும் ஒரு ஊசியும் அந்த நினைப்பை மாற்றிவிட்டன. அதே கம்பியும் ஊசியும்தான் இப்போது உங்கள் பிள்ளையின் கையில் இருக்கின்றன, இதைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

ஆணியைச் சுற்றினால்

மூன்று அங்குல ஆணியின்மேல் 24 கேஜ் கம்பியை நெருக்கமாக 50 சுற்று சுற்றுங்கள். சுற்றும்போது திசை மாறக் கூடாது. முதல் அடுக்கு முடிந்து திரும்பி வரும்போது கூட அதே கைப்பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். பாதியில் திசை மாற்றினால் முதல் பாதி செய்ததை அடுத்த பாதி அழித்துவிடும். இரண்டு முனையையும் சுரண்டிக் கட்டையில் தொட்டு, குண்டூசிக் குவியலில் வைத்துத் தூக்கி, எண்ணி எழுதச் சொல்லுங்கள். அப்புறம் 100 சுற்று. அப்புறம் 100 சுற்றோடு இரண்டு கட்டை. ஒவ்வொன்றையும் மூன்று தடவை எண்ண வேண்டும், ஏனென்றால் ஒரு தடவை அதிர்ஷ்டத்தில் ஐந்து ஊசி கூட வரும்.

கட்டையிலிருந்து எடுத்ததும் ஊசிகள் உதிர்ந்துவிடும். ஆணிக்குப் பதில் ஒரு ஸ்க்ரூடிரைவரைச் சுற்றிப் பாருங்கள். கரண்டை எடுத்த பிறகும் இரண்டு மூன்று ஊசி ஒட்டிக்கொண்டே இருக்கும். மெல்லிரும்பு காந்தத்தைச் சட்டென்று விட்டுவிடும், எஃகு பிடித்து வைத்துக்கொள்ளும். மோட்டாருக்குள் மெல்லிய தகடுகளாக அடுக்கிவைத்திருக்கிறார்களே, அந்த லேமினேஷன் சீக்கிரம் விட்டுவிடுகிற ஜாதி. விநாடிக்கு 50 தடவை ஏறி இறங்கித் திசை மாறுகிற கரண்டுக்கு அதுதான் சரிப்படும்.

ஆணியின் கொண்டையை மிதக்கும் ஊசிக்கு ஒரு சாண் தள்ளிக் காட்டி, கரண்ட் கொடுங்கள். எந்த முனையை இழுக்கிறது? கட்டையைத் திருப்பினால் எந்த முனையை? நம்முடைய சாட்சி மறுபடி பேசுகிறது பாருங்கள்.

கம்பிமேல் பூச்சு எதற்கு என்று இப்போது கேட்டால் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். 1825-ல் வில்லியம் ஸ்டர்ஜன் முதல் மின்காந்தத்தைச் செய்தபோது அவரிடம் பூச்சுக் கம்பி இல்லை. குதிரை லாடம்போல வளைத்த இரும்புக்கு வார்னிஷ் பூசி, வெறும் செம்புக் கம்பியை ஒன்றையொன்று தொடாமல் விலக்கி விலக்கி 18 சுற்றுச் சுற்றினார். சுமார் 200 கிராம் இரும்பு, 4 கிலோவைத் தூக்கியது. அதற்கப்புறம் அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி இரும்பை விட்டுவிட்டுக் கம்பிக்கே பட்டுத் துணி சுற்றினார். அதனால்தான் நெருக்கமாகவும், அடுக்கின்மேல் அடுக்காகவும் சுற்ற முடிந்தது. என் தொழிலே அந்தப் பட்டுத் துணியில் இருந்துதான் பிறந்தது என்று பிள்ளைகளிடம் சொல்வேன்.

தீப்பெட்டி மீட்டர்

தீப்பெட்டியின் உள்தட்டில் சின்னத் திசைகாட்டியை வைத்து, 36 கேஜ் கம்பியை நீளவாக்கில் 200 சுற்றுச் சுற்றுங்கள். நடுவில் முள் தெரிகிற அளவுக்கு இடைவெளி விட்டு, இரண்டு பக்கமும் நூறு நூறாகச் சுற்றினால் நல்லது. சுற்றிய கம்பியும் திசைகாட்டியின் முள்ளும் ஒரே திசையில் இருக்கிறமாதிரி பெட்டியைத் திருப்பி வைக்க வேண்டும். ஒரு கம்பி செய்ததை இருநூறு கம்பி சேர்ந்து செய்யும், அதனால் துளி கரண்டுக்கும் முள் அசையும்.

இதை எலுமிச்சம்பழத்தில் சோதியுங்கள். பழத்தை உருட்டி நசுக்கி, துத்தநாகம் பூசிய (கால்வனைஸ்) ஆணி ஒன்றும், தடித்த செம்புக் கம்பித் துண்டு ஒன்றும் ஒன்றையொன்று தொடாமல் குத்தி, மீட்டரோடு சேர்த்தால் முள் விலகும். ஒரு பழம் சுமார் 0.9 வோல்ட் தரும், ஆனால் கரண்ட் மிகக் குறைவு. டார்ச் பல்பு இதில் எரியவே எரியாது, பலர் அதை முயன்றுதான் ஏமாந்துபோகிறார்கள். நாலு பழத்தை வரிசையாகக் கோத்து, இருட்டறையில் சிவப்பு எல்இடியைப் பொருத்தினால் மங்கலாக ஒளிரும். எல்இடியின் நீளக் காலைச் செம்புப் பக்கம் வைக்க வேண்டும். கரைந்து கரண்ட் தருவது ஆணிமேல் இருக்கும் துத்தநாகம்தான், பழச்சாறு அதற்கு வழி மட்டும் விடுகிறது. குத்திய பழத்தை யாரும் சாப்பிடக் கூடாது.

சுற்றுகிற காயில்

இதற்காகத்தான் எல்லாப் பிள்ளையும் காத்திருப்பார்கள். இந்தியாவின் முதல் மின்மோட்டாரை 1937-ல் கோவையில்தான் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் செய்தார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒன்று மோட்டார் செய்யத் தெரியாமல் வளரக் கூடாது என்பது என் ஆசை.

24 கேஜ் கம்பியைப் பேட்டரி கட்டையின் மேலேயே 10 சுற்றுச் சுற்றிக் கழற்றினால் வட்டமான காயில் கிடைக்கும். இரண்டு முனையிலும் இரண்டு அங்குலம் விட்டு, அந்த முனையாலேயே காயிலை இரண்டு முறை கட்டி, எதிரெதிர்ப் பக்கமாக நேராக நீட்டிவிடுங்கள். இரண்டு கையும் நீட்டி நிற்கிற ஆள்மாதிரி இருக்க வேண்டும். கை இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருப்பதும், அந்தக் கோடு காயிலின் நடுவில் போவதும் முக்கியம்.

இனிமேல்தான் சுரண்டல். ஒரு கையைச் சுற்றிலும் முழுதாகச் சுரண்டுங்கள். மறு கையைப் பாதிதான் சுரண்ட வேண்டும். காயிலை மேசை விளிம்பில் செங்குத்தாக நிறுத்திப் பிடித்து, கையை மேசைமேல் படுக்க வைத்து, மேல்பக்கத்தை மட்டும் உப்புத்தாளால் தேயுங்கள். கீழ்ப்பக்கத்து வார்னிஷ் அப்படியே இருக்கட்டும்.

சைக்கிள் டியூபில் வளையம் வெட்டி, கட்டையின் நீளவாக்கில் மாட்டி, இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஊக்கைச் செருகுங்கள். ஊக்கின் சின்ன வளையம் மேலே இருக்க வேண்டும். கட்டையின் முதுகில் ஒரு நியோடிமியம் காந்தத்தை வைத்தால் அதன் இரும்புக் கூட்டில் ஒட்டிக்கொள்ளும். காயிலின் இரண்டு கையையும் ஊக்கு வளையங்களில் நுழைத்து, விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள்.

சுற்றவில்லையா? பத்துக்கு எட்டு தடவை சுரண்டல் போதவில்லை என்று அர்த்தம். மிச்சம் இரண்டில் ஒன்று, காயில் ஒரு பக்கம் கனமாகத் தொங்குகிறது. இன்னொன்று, காயில் காந்தத்தில் இடிக்கிறது, அல்லது மிகத் தூரத்தில் இருக்கிறது. அரை சென்டிமீட்டர் இடைவெளி போதும். மறுபக்கம் சுண்டிப் பார்க்கவும் மறக்க வேண்டாம். ஓட்டம் முடிந்ததும் காயிலைக் கழற்றிவிடுங்கள். வார்னிஷ் இல்லாத பக்கமாக நின்றுபோனால் கட்டை சும்மாவே சூடாகிக்கொண்டிருக்கும்.

சுற்ற ஆரம்பித்ததும் எழுகிற சத்தத்துக்குப் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்ப்பார். அந்தச் சத்தம் அடங்கியதும், இரண்டு கையையும் முழுதாகச் சுரண்டிய இன்னொரு காயிலை மாட்டச் சொல்லுங்கள். அது முன்னும் பின்னும் ஆடும், சுற்றாது. ஏன்? காயிலில் கரண்ட் போகும்போது அது ஆணிபோலவே ஒரு காந்தமாகிவிடுகிறது, கீழே இருக்கும் காந்தம் அதன் ஒரு முகத்தை இழுக்கிறது. அந்த முகம் கீழே வந்து சேர்ந்த பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால், தாண்டிப் போக விடாமல் பின்னுக்கு இழுக்கும். பாதி வார்னிஷ் அந்த நேரம் பார்த்துக் கரண்டை நிறுத்திவிடுகிறது. காயில் வந்த வேகத்திலேயே தாண்டிவிடுகிறது, மறுபடி செம்பு தொடுகிறது, மறுபடி இழுப்பு. ஊஞ்சலை ஒரு பக்கம் போகும்போது மட்டும் தள்ளுகிறோம் இல்லையா, அதுமாதிரி. வார்னிஷைச் சுரண்டினால் கரண்ட் போகும் என்று முதல் வாரம் கற்றது, சுரண்டாமல் விடுவதும் ஒரு வேலை என்று இப்போது தெரிகிறது. இதைத் தானாகக் கண்டுபிடித்துச் சொன்ன ஒரு ஆறாம் வகுப்புப் பையனின் முகம் எனக்கு மறக்காது.

திருப்பிச் செய்தால்

கரண்ட் கொடுத்தால் சுற்றுகிறது. சுற்றினால் கரண்ட் வருமா? காயலான் கடையில் பழைய பிரிண்டர் கிடந்தால் அதற்குள் ஸ்டெப்பர் மோட்டார் ஒன்று இருக்கும். அதன் தண்டை விரலால் உருட்டிக்கொண்டே, வெளியே வரும் ஒயர்களில் இரண்டிரண்டாக முனைகளைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு ஜோடி சேர்ந்ததும் தண்டு திடீரென்று கடினமாகும். அந்த இரண்டும் ஒரே காயிலின் முனைகள். பிரித்தால் மறுபடி இலகுவாகிவிடும். மீட்டர் எதுவும் இல்லாமல் ஜோடி கண்டுபிடிக்கிற வழி இது. அந்த ஜோடியில் எல்இடியை மாட்டி வேகமாக உருட்டினால் எரியும். இரண்டு எல்இடியைத் தலைகீழாகச் சேர்த்து மாட்டினால் இரண்டுமே எரியும், ஏனென்றால் கரண்ட் திசை மாறி மாறி வருகிறது.

தண்டு ஏன் கடினமாகிறது என்பதில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். நாம் சுற்றுவதால் பிறக்கிற கரண்ட், நாம் சுற்றுவதையே எதிர்க்கிறது. 1834-ல் லென்ஸ் என்ற விஞ்ஞானி இதை விதியாகச் சொன்னார். விரலில் உணர்ந்த பிள்ளைக்கு அந்த விதியை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது. கரண்ட் சும்மா வருவதில்லை, விரலின் பலம்தான் எல்இடியில் எரிகிறது.

பிரிண்டர் கிடைக்காவிட்டால் தீப்பெட்டி மீட்டர் இருக்கிறது. 36 கேஜில் இன்னொரு 300 சுற்றுக் காயிலைக் காகிதக் குழாயில் சுற்றி, இரண்டு மீட்டர் நீள ஒயரால் மீட்டரோடு சேர்த்துவிடுங்கள். அவ்வளவு தூரம் ஏன் என்றால், பக்கத்தில் இருந்தால் காந்தமே முள்ளை நேராக இழுத்துவிடும். நாலு நியோடிமியம் காந்தத்தை அடுக்கிக் குழாய்க்குள் விடும்போது முள் துள்ளும். உள்ளே அப்படியே வைத்திருந்தால் முள் பழைய இடத்துக்கு வந்துவிடும். வெளியே எடுத்தால் எதிர்ப்பக்கம் துள்ளும். காந்தம் இருந்தால் போதாது, அசைய வேண்டும். மைக்கேல் ஃபாரடே என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1831-ல் கண்டுபிடித்தது இந்தத் துள்ளலைத்தான்.

பம்புசெட்டுக்குள் காந்தம் எங்கே?

இந்தக் கேள்வியை ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது கேட்கிறது. என் கடையில் பிரித்துப் போட்டிருக்கும் மோட்டாருக்குள் குண்டூசியை விட்டுப் பார்ப்பார்கள், எங்கேயும் ஒட்டாது. வெளியே காயில் சுற்றிய, அசையாத ஸ்டேட்டர், உள்ளே சுற்றுகிற ரோட்டார், அவ்வளவுதான். ரோட்டாருக்கு ஒயரே போகாது. "அப்ப இது எப்படிங்க சுத்துது?" என்று கேட்டால் இந்தச் செய்முறை.

ஹோட்டல் பார்சல் வருகிற அலுமினியத் தட்டின் அடிப்பாகத்தை உள்ளங்கை அளவு வட்டமாக வெட்டி, ஓரத்தைச் சற்றே மேலே மடித்து, அகலமான தட்டுத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். காந்தத்தை அதன்மேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஒட்டாது. இப்போது ஐஸ் குச்சியின் இரண்டு நுனியிலும் ஒவ்வொரு காந்தத்தை டேப் போட்டு ஒட்டுங்கள். ஒன்றின் வடமுனை கீழே பார்த்தால் மற்றதன் தென்முனை கீழே பார்க்க வேண்டும். குச்சியின் நடுவில் இரட்டை நூல் கட்டி, நன்றாக முறுக்கேற்றி, அலுமினியத்துக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே வருகிறமாதிரி பிடித்து, விட்டுவிடுங்கள். குச்சி சுற்றும்போது, எதுவும் தொடாமலே, அலுமினிய வட்டம் தானும் மெல்லச் சுற்ற ஆரம்பிக்கும். குச்சி கிளப்பும் காற்றால் சுற்றுகிறது என்று யாராவது சொல்வார்கள், நல்ல சந்தேகம். நடுவில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் ஒன்றை இறுக்கிப் பிடித்து மறுபடி செய்யுங்கள். அப்போதும் சுற்றும்.

அசைகிற காந்தம் அலுமினியத்துக்குள் கரண்டை உண்டாக்குகிறது, ஃபாரடே காயிலில் நடந்ததுபோல. அந்தக் கரண்ட் அலுமினியத்தையே காந்தமாக்கி, காந்தத்தைத் தொடர்ந்து ஓட வைக்கிறது. 1820-களில் அராகோ என்ற பிரெஞ்சுக்காரர் செம்புத் தட்டில் இதைப் பார்த்தார், ஃபாரடே வரும்வரை யாருக்கும் காரணம் பிடிபடவில்லை. பழைய வீட்டு மீட்டர் பெட்டியில் கறுப்புக் கோடு போட்ட அலுமினியத் தட்டு சுற்றிக்கொண்டிருக்குமே, அதைச் சுற்ற வைத்ததும் இதே வழிதான்.

பம்புசெட்டில் குச்சியும் இல்லை, நூலும் இல்லை. மூன்று பேஸ் கரண்டும் ஸ்டேட்டரின் காயில்களில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்குவதால், காந்தம் சுற்றுகிறமாதிரியே உள்ளே காந்தப்புலம் சுற்றுகிறது. ரோட்டாருக்குள் வார்த்திருக்கும் அலுமினியக் கம்பிகள் அதைத் துரத்திக்கொண்டு ஓடுகின்றன. ரோட்டாரின் ஓரத்தை லேசாகக் கடைந்து எடுத்த ஒரு பழைய துண்டை வைத்திருக்கிறேன், அந்தக் கம்பிகள் வெள்ளைக் கோடு கோடாகத் தெரியும். தண்ணீர்த் தட்டுக்குப் பக்கத்திலேயே அதை வைத்துவிடுவேன்.

போன மாதம் என் பேத்தி லீவுக்கு வந்திருந்தாள். பதினைந்து வயது ஆகிவிட்டது. புதிதாக வந்த பிள்ளைகளுக்கு அவள்தான் இந்தத் தட்டைக் காட்டினாள். ஒரு சின்னப் பெண், "அக்கா, குச்சி வேகமாச் சுத்துது, தட்டு மட்டும் ஏனுங்க்கா மெதுவாவே சுத்துது?" என்று கேட்டாள். பேத்தி என்னைப் பார்த்தாள். நான் கம்பி சுற்றுவதை நிறுத்தவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே சொன்னாள்: "ரெண்டும் ஒரே வேகத்துல போனா, தட்டுக்குக் காந்தம் அசையற மாதிரியே தெரியாது கண்ணு. அப்ப கரண்டே வராது."

மோட்டார் பெயர்ப்பலகையில் 1440 என்று ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று, போட்டிருக்கும். நாலு துருவக் காயிலில் புலம் சுற்றுவது நிமிடத்துக்கு 1500 தடவை. அந்த 60 எங்கே போனது என்று கேட்டு வருகிற பிள்ளைக்குக் காட்ட, கடையில் அந்தப் பலகை ஒன்றைத் துடைத்து மாட்டி வைத்திருக்கிறேன்.